இரண்டு சிஸ்டம், ஒரு பூட்டு, இரண்டு சாவி

விண்டோஸ் 10 சிஸ்டத்திற்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதன் பிறகு எங்கள் நெய்வேலி டவுன்ஷிப்பில் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இதுதான்: "சார், கம்ப்யூட்டர் நல்லாத்தான் ஓடுது. ஆனா விண்டோஸ் 11 ஏறாதுன்னு சொல்லுது. விண்டோஸை அழிக்காம, பக்கத்துலயே லினக்ஸ் போட்டுக்கலாமா?" செகண்ட் ஹேண்டில் முதல் கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் இதையே கேட்கிறார்கள்.

தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு சிஸ்டங்களும் சண்டையில்லாமல் இருக்கும். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் எது வேண்டும் என்று ஒரு மெனு கேட்கும். வேண்டியதைத் தேர்வு செய்தால் போதும்.

ஆனால் யாருமே கேட்காத இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்த லினக்ஸைப் பூட்டி வைக்க வேண்டுமா? பூட்டுவது என்று நான் சொல்வது என்கிரிப்ஷனை. தமிழில் மறையாக்கம் என்கிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்ஸ்டால் செய்யும் முதல் நாளிலேயே பூட்டுங்கள். ஆனால் அந்தப் பூட்டுக்கு இரண்டாவது சாவி ஒன்றை வீட்டில் இன்னொருவரிடம் கொடுக்க மனம் இல்லை என்றால், பூட்டவே வேண்டாம். ஏன் என்று பார்ப்போம்.

தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல

ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு சிஸ்டம் என்பது நம் ஊருக்குப் பழகிய விஷயம்தான். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அந்த லேப்டாப்களில் விண்டோஸ் 7 ஒரு பக்கமும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இன்னொரு பக்கமும் இருந்தன. "எந்த சிஸ்டம்?" என்று கேட்கும் மெனுவைப் பல வீடுகள் முதன்முதலில் பார்த்தது அந்த லேப்டாப்பில்தான். நெய்வேலியிலும் அப்படித்தான்.

இரண்டு சிஸ்டம் வைத்துக்கொள்வது எப்படி என்று பலரும் பேசினார்கள். அந்த இரண்டில் இருக்கும் பைல்களை அந்நியர் கண்ணில் படாமல் வைப்பது எப்படி என்று எங்கள் ஊரில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. இன்றும் நிலைமை பெரிதாக மாறவில்லை.

லாகின் பாஸ்வேர்ட் பூட்டு ஆகாது

"லினக்ஸில் நுழையவே பாஸ்வேர்ட் கேட்கிறதே, அது போதாதா?" என்பார்கள். போதாது. லாகின் பாஸ்வேர்ட் என்பது வாசலில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் மாதிரி. அந்த சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும்தான் அவருக்கு வேலை. அந்த சிஸ்டத்தை எழுப்பாமலேயே உள்ளே போக வழி உண்டு.

ஒரு பென் டிரைவில் லினக்ஸின் லைவ் பதிப்பை ஏற்றி, அதிலிருந்து கம்ப்யூட்டரை பூட் செய்தால் போதும். உங்கள் ஹார்ட் டிஸ்க் அங்கே வெறும் டிரைவாகத் தெரியும். உங்கள் லினக்ஸ் பகுதியைத் திறந்து எல்லா போல்டர்களையும் பார்க்கலாம், காப்பி எடுக்கலாம். பாஸ்வேர்டை யாரும் கேட்க மாட்டார்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் இதே கதைதான்.

"விண்டோஸில் இருந்து பார்த்தால் லினக்ஸ் பைல்கள் தெரிவதே இல்லையே" என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். விண்டோஸுக்கு லினக்ஸின் பைல் அமைப்பைப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். அதற்கென்று இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டால் அதுவும் படித்துவிடும். மறுபக்கம் லினக்ஸ் விண்டோஸின் என்டிஎப்எஸ் டிரைவைச் சாதாரணமாகவே படிக்கும். விண்டோஸ் பகுதி பூட்டப்படாமல் இருந்தால், லினக்ஸுக்குள் வந்தவர் உங்கள் மை டாக்குமென்ட்ஸையும் பார்த்துவிடுவார். இரண்டு சிஸ்டம் வைத்திருப்பது வீட்டுக்கு இரண்டு வாசல் வைப்பது போல. ஒன்றைச் சாத்திவிட்டு இன்னொன்றைத் திறந்து போட்டால் பயன் இல்லை.

வீட்டு கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது?

"ராணுவ ரகசியமா வைத்திருக்கிறோம்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இன்று இரவு உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள போல்டர்களை ஒரு முறை திறந்து பாருங்கள். ஆதார், பான் கார்டு ஸ்கேன், பாங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு, பி.எப். விவரம், பிள்ளைகளின் மார்க் ஷீட், பெண்ணின் ஜாதகம், போட்டோ, மெடிக்கல் ரிப்போர்ட். பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் வேறு. உங்கள் பெயரில் ஒருவர் கடன் வாங்க வேண்டும் என்றால் அவருக்குத் தேவையான காகிதங்கள் ஏறக்குறைய எல்லாமே இதில் இருக்கின்றன.

இந்த கம்ப்யூட்டர் கை மாறும் சந்தர்ப்பம் எங்கள் ஊரில் கொஞ்சம் அதிகம். நெய்வேலி நிறுவனம் 1956-இல் தொடங்கப்பட்டது. 2016-இல் என்எல்சி இந்தியா லிமிடெட் என்று பெயர் மாறியது. இங்கே குடியிருப்பவர்களில் பலருக்கு வீடு சொந்தமில்லை, குவார்ட்டர்ஸ்தான். ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். லாரியில் பீரோவும் கட்டிலும் சொந்த ஊருக்குப் போகும். பழைய கம்ப்யூட்டரை யாருக்காவது கொடுத்துவிடுவார்கள், அல்லது கடையில் எக்ஸ்சேஞ்ச் போடுவார்கள். பைல்களை டெலீட் செய்துவிட்டோம், பார்மட் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டுதான் கொடுக்கிறார்கள். சாதாரண டெலீட்டும் குவிக் பார்மட்டும் பைலின் முகவரியைத்தான் அழிக்கும். மீட்டெடுக்கும் மென்பொருள் கையில் இருந்தால் பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஏராளமாக மீட்கலாம்.

பூட்டிய பகுதியாக இருந்தால் இந்தக் கவலை இல்லை. விற்கும் முன் சாவி இருக்கும் சின்ன இடத்தை மட்டும் முறைப்படி அழித்தால் போதும். அத்தனை பைல்களும் அர்த்தமில்லாத எழுத்துக் குவியலாகிவிடும். சில நொடி வேலை. சர்வீஸுக்குக் கொடுக்கும்போதும் அப்படித்தான். மானிட்டரையோ மதர் போர்டையோ சரிபார்க்க உங்கள் பைல்கள் கடைக்காரருக்குத் தேவையில்லை. தன் லைவ் பென் டிரைவிலேயே அவர் சோதித்துக்கொள்ளலாம்.

பின் ஏன் யாரும் பூட்டுவதில்லை?

தவறு பெரும்பாலும் நம்முடையது அல்ல. லினக்ஸில் இந்தப் பூட்டுக்கு லக்ஸ் என்று பெயர். 2004-இல் கிளெமன்ஸ் ப்ருவிர்த் என்பவர் வடிவமைத்தது. டெபியன் 2007-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இன்ஸ்டால் செய்யும்போது பூட்டும் வசதியைக் கொடுத்துவிட்டது. உபுண்டுவின் டெஸ்க்டாப் இன்ஸ்டாலரில் 2012 அக்டோபரில் வந்தது. ஆனால் ஒரு நிபந்தனையோடு வந்தது. ஹார்ட் டிஸ்க் முழுவதையும் அழித்து லினக்ஸுக்கே கொடுத்தால்தான் அந்த டிக் பாக்ஸ் வேலை செய்தது. "விண்டோஸ் பக்கத்திலேயே போடு" என்று தேர்வு செய்தால் பூட்டும் வசதி மறைந்துவிட்டது. லினக்ஸ் மின்ட்டிலும் பல பதிப்புகளில் இதே நிலைதான். பார்ட்டிஷன்களைக் கையால் பிரித்து, பூட் பகுதியைத் தனியாக அமைத்து, கறுப்புத் திரையில் கட்டளைகளை அடித்துத்தான் செய்ய வேண்டியிருந்தது.

இது எனக்கு நியாயமாகப் படவில்லை. முழு டிஸ்க்கையும் லினக்ஸுக்குக் கொடுப்பவர் ஏற்கெனவே விவரம் தெரிந்தவர். விண்டோஸை விட பயந்து, பக்கத்தில் ஓர் ஓரமாக லினக்ஸ் போட்டுப் பார்ப்பவர்தான் புதியவர். உதவி தேவைப்படும் அவருக்கே கடினமான பாதையைக் காட்டினார்கள். பெடோரா இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. விண்டோஸ் பக்கத்தில் காலியாக விட்ட இடத்தில் இன்ஸ்டால் செய்தாலும், "டேட்டாவை என்கிரிப்ட் செய்யவா?" என்று கேட்கும். டிக் செய்தால் மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். புதியவர்களுக்கு நான் அதைச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

வேகம் குறையுமா என்று கேட்பார்கள். 2010-க்குப் பிறகு வந்த பல பிராசசர்களில் ஏஇஎஸ் என்ற மறையாக்க முறைக்கென்றே தனிக் கட்டளைகள் உள்ளன. அப்படிப்பட்ட கம்ப்யூட்டரில் சாதாரண வேலைகளில் வித்தியாசம் தெரியாது. மிகப் பழைய நெட்புக்காக இருந்தால் கொஞ்சம் தெரியும்.

சட்டப்படி சரியா என்றும் கேட்கிறார்கள். சொந்த கம்ப்யூட்டரைப் பூட்டி வைக்கத் தடை இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 69-ஆம் பிரிவின்படி, அதிகாரம் பெற்ற அமைப்பு முறையாக உத்தரவிட்டால் திறந்து கொடுக்கும் கடமை மட்டும் உண்டு.

இரண்டாவது சாவி ஏன்?

இதுதான் எனக்கு முக்கியம். எங்கள் பக்கத்து பிளாக்கில் ஒரு நண்பர் இருந்தார். சுரங்கத்தில் வேலை. லினக்ஸில் நல்ல ஆர்வம். விண்டோஸைப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு, லினக்ஸ் பகுதியை முழுவதுமாகப் பூட்டி, தன் கணக்கு வழக்கு, குடும்பப் போட்டோ எல்லாவற்றையும் அதில் வைத்திருந்தார். திடீரென்று மாரடைப்பில் காலமானார். குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் நேரத்தில் அவர் மனைவி என்னைக் கூப்பிட்டார். "அண்ணா, பெரியவன் பொறந்ததுல இருந்து எடுத்த போட்டோ எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. எங்க போட்டு வச்சாருன்னு எனக்குத் தெரியாது. கொஞ்சம் தொறந்து குடுங்க" என்றார்.

கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். பாஸ்வேர்ட் கேட்டது. பிள்ளைகள் பெயர், பிறந்த தேதி, வண்டி நம்பர் என்று அவர்கள் சொன்னதையெல்லாம் அடித்துப் பார்த்தோம். திறக்கவில்லை. திறக்காது என்று எனக்கும் தெரியும். அந்த அம்மாவிடம் அதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. பிறகு ஒரு கடைக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். "ரிப்பேர் பண்ணிட்டோம்" என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். பார்மட் செய்து புதிதாக விண்டோஸ் போட்டிருந்தார்கள்.

அந்தப் பூட்டில் கோளாறு எதுவும் இல்லை. திருடனுக்குத் திறக்காத பூட்டு மனைவிக்கும் திறக்கவில்லை. நல்ல பூட்டு ஆள் பார்க்காது.

இத்தனைக்கும் லக்ஸில் இதற்கு வழி இருக்கிறது. உங்கள் பைல்களைப் பூட்டுவது நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்ட் அல்ல. சிஸ்டமே ஒரு பெரிய சாவியை உருவாக்கி, அதனால்தான் பூட்டுகிறது. அந்தப் பெரிய சாவி ஒரு சின்னப் பெட்டிக்குள் இருக்கிறது. நம் பாஸ்வேர்ட் அந்தப் பெட்டியைத் திறக்கிறது. ஒரே பெட்டிக்குப் பல பாஸ்வேர்டுகள் வைக்கலாம். லக்ஸின் முதல் பதிப்பில் 8 வரை, இரண்டாம் பதிப்பில் 32 வரை இடம் உண்டு. எனவே உங்களுக்கு ஒன்று, வீட்டுக்காரருக்கோ வீட்டம்மாவுக்கோ ஒன்று என்று வைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. நீங்கள் உங்களுடையதை மாற்றினாலும் அவர்களுடையது மாறாது. பெரும்பாலான லினக்ஸ் பதிப்புகளில் கிரிப்ட்செட்டப் என்ற கருவி இதற்கென்றே உள்ளது.

என்ன வரிசையில் செய்வது?

முதலில் பேக்கப். முக்கியமான பைல்கள் அனைத்தையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் காப்பி எடுத்து, அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். இது முடியாமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.

இரண்டாவதாக, விண்டோஸ் பகுதி ஏற்கெனவே பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். புதிய கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாப்ட் அக்கவுண்டில் நுழைந்தால், பல கம்ப்யூட்டர்களில் அது தானாகவே டிரைவைப் பூட்டிவிடுகிறது. லினக்ஸ் போட பூட் அமைப்பை மாற்றும்போது விண்டோஸ் சந்தேகப்பட்டு 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கலாம். அந்தக் கீயை முன்பே உங்கள் அக்கவுண்டிலிருந்து எடுத்து, காகிதத்தில் எழுதி வைத்துவிடுங்கள்.

மூன்றாவதாக, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் மூலம் சி டிரைவைச் சுருக்கி, லினக்ஸுக்குக் காலி இடம் விடுங்கள். 50 ஜிபி இருந்தால் நல்லது. பாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை நிறுத்திவிடுங்கள். மின்சாரம் தயாரிக்கும் ஊரில் இருப்பவன்தான் நான். ஆனாலும் யுபிஎஸ் இல்லாமல் பார்ட்டிஷன் வேலையைத் தொடங்க மாட்டேன்.

நான்காவதாக, காலி இடத்தில் லினக்ஸை இன்ஸ்டால் செய்யும்போது பூட்டும் வசதியைத் தேர்வு செய்யுங்கள். ஸ்வாப் பகுதி தனியாக இருந்தால் அதுவும் பூட்டப்படுகிறதா என்று பாருங்கள். மெமரியில் இருந்த விஷயங்கள் அதில் எழுதப்படும்.

பாஸ்வேர்ட் நீளமாக இருக்கட்டும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்தாறு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடிப்பது நல்ல வழி. பூட் ஆகும் நேரத்தில் தமிழ்99 விசைப்பலகை வேலை செய்யாது. அதனால் தமிழ் எழுத்துகளை வைக்க வேண்டாம். ஊழியர் எண், பிளாக் நம்பர், பைக் நம்பர் எதுவும் வேண்டாம்.

ஐந்தாவதாக, அன்றைக்கே இரண்டாவது பாஸ்வேர்டையும் சேர்த்துவிடுங்கள். அதைத் தெளிவாக எழுதி, கவரில் போட்டு ஒட்டி, பீரோவில் எல்ஐசி பத்திரங்களோடு வையுங்கள். கவரின் மேல் "கம்ப்யூட்டர்" என்று எழுதுங்கள். வீட்டில் ஒருவரை உட்கார வைத்து, அந்தக் கவரைப் பார்த்து அவரே ஒரு முறை திறந்து பார்க்கட்டும். எழுதியது தவறா சரியா என்று அப்போதுதான் தெரியும்.

ஆறாவதாக, அந்தச் சின்னப் பெட்டிக்கு ஹெடர் என்று பெயர். பார்ட்டிஷனின் தொடக்கத்தில் இருக்கிறது. அது கெட்டுப்போனால் சரியான பாஸ்வேர்ட் இருந்தும் திறக்காது. கிரிப்ட்செட்டப் மூலம் அதன் காப்பி ஒன்றை எடுத்துத் தனிப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ளவர்களிடம் இன்னொன்றும் சொல்லி வையுங்கள். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பெயர் தெரியாத ஒரு பகுதி தெரியும். அது காலி இடம் என்று நினைத்து யாரும் அழித்துவிடக் கூடாது.

இவ்வளவு பெரிய வேலை வேண்டாம் என்று தோன்றுகிறதா? வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். பூட்டிய பெட்டி போல ஒரு பைலை உருவாக்கி முக்கியமான ஆவணங்களை மட்டும் அதில் போட்டு வைக்கலாம். முழுப் பாதுகாப்பு இல்லைதான். ஆனால் ஒன்றுமே இல்லாததற்கு இது மேல். இதற்கும் கவர் கட்டாயம்.

பூட்டு காக்காதவை

கம்ப்யூட்டர் ஆன் ஆகி, நீங்கள் பாஸ்வேர்டும் அடித்துவிட்டால் பூட்டு திறந்துதான் இருக்கும். அந்த நேரத்தில் வரும் மோசடி மெயிலையோ, நீங்களே ஓடிபி சொல்வதையோ அது தடுக்காது. ஸ்லீப்பில் போட்டாலும் சாவி மெமரியிலேயே இருக்கும். வெளியே எடுத்துப் போகும் முன், கடையில் கொடுக்கும் முன், ஷட் டவுன் செய்யுங்கள். பூட் பகுதி வழக்கமாகப் பூட்டப்படாமல்தான் இருக்கும். அதில் உங்கள் சொந்த பைல்கள் இருக்காது என்பதால் வீட்டுக்காரர்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

பூட்டு இருப்பதால் பேக்கப் வேண்டாம் என்றும் ஆகிவிடாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. மழைநீர் கம்ப்யூட்டருக்குள் புகுந்தால் பூட்டிய டிஸ்க்கும் பூட்டாத டிஸ்க்கும் ஒன்றுதான். பேக்கப் டிஸ்க்கையும் பூட்டி, அதே இரண்டாவது பாஸ்வேர்டை அதற்கும் கொடுத்து, முடிந்தால் வேறு வீட்டில் வையுங்கள்.

புதிய கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஆன்டி வைரஸுக்கும் மவுஸ் பேடுக்கும் யோசிக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள். பைல்கள் சேர்ந்த பிறகு பூட்டுவது பெரிய வேலை. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மறுபடி இன்ஸ்டால் செய்து, திரும்ப உள்ளே வைக்க வேண்டும். முதல் நாளில் ஒரு டிக் மட்டும்தான். லினக்ஸ் போட்டுத் தரும் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "பூட்டித் தரட்டுமா?" என்று வாடிக்கையாளரை ஒரு வார்த்தை கேளுங்கள். பாஸ்வேர்டை அவரையே அடிக்கச் சொல்லுங்கள். போகும்போது ஒரு கவரையும் கையில் கொடுத்தனுப்புங்கள்.